பெட்டியில் ஒட்டியிருந்த கொடி

ஜெஸ்மின் சிஸ்டருக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. எதிரே நிற்பவர் பொய் சொன்னாலோ, தேவையில்லாமல் பெரிய வார்த்தை பேசினாலோ, அவருடைய மேலுதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் ஏறும். ஒரு சொல்லும் வராது. ஆனால் அந்த உதட்டைப் பார்த்தவர்கள் இரண்டு நாளைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டார்கள் என்று அவருடைய வார்டில் சொல்லுவார்கள்.

கண்டிக்கு வெளியே மலைச்சரிவில் நிற்கும் ஓர் அரச ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரியின் தலைமைப் பணிப்பாளர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். எல்லோரும் வந்த முதல் வாரத்திலேயே அந்த உதட்டைச் சந்தித்தார்கள். ஒருவர் மட்டும் துணிந்து, “என்ன சிஸ்டர், சிரிக்கிறீர்களா?” என்று கேட்டாராம். “இல்ல சேர், பல்லு வலி” என்றாராம் ஜெஸ்மின்.

அவர் பிறந்தது ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில். தாய் அந்தோனியம்மா கொழுந்து பறித்தவர். அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் மலையில் சறுக்கி விழுந்த அடிக்கும் ஒரே ரோஸ் நிறத் தண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். போத்தலை நீங்களே கொண்டு போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை யாராவது பெரியவர்கள் ஜீப்பில் வந்து இறங்கி, டிஸ்பென்சரி வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, தோட்ட மக்களின் சுகாதாரம் முன்னேறி வருகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஜெஸ்மினின் உதடு ஏறப் பழகியது அங்கேதான் என்று நினைக்கிறேன். தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகி, கண்டிக்கு வந்து, கடுகண்ணாவையில் டயர் கடை வைத்திருக்கும் எஸ்ரனைக் கல்யாணம் செய்து, கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுப் பக்கமாக ஒரு வீடும் கட்டிக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எஸ்ரன் அமைதியான மனிதர். மனைவி யாரையாவது கிழித்துத் தொங்கவிட்டால், “சரி, இப்ப தேத்தண்ணி குடி” என்பார்.

தாதியர் சங்கத்துக்கு ஜெஸ்மின் சந்தா கொடுத்தார்; கூட்டத்துக்குப் போகமாட்டார். “அங்க போனா நாற்காலி கெடைக்கும், வேற என்ன கெடைக்கும்?” என்பது அவருடைய கேள்வி. சங்கத்தின் கிளைச் செயலாளர் ராஜலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். ஆண் தாதி. வார்டு வேலையை விட்டுச் சங்க வேலைக்கு வந்து நெடுநாள். வெளிநாட்டுச் சங்கங்களோடு கடிதம் எழுதுவதும், வீடியோவில் கூடுவதும், சர்வதேசத் தாதியர் தினத்தன்று மேடையில் இருப்பதும் அவருடைய முழுநேரத் தொழில். அவர் பேச்சில் ‘பங்காளர்கள்’ என்ற சொல் வராத வாக்கியம் கிடையாது. கோட்டு ஒன்று வைத்திருந்தார்; கண்டி மழையிலும் வெயிலிலும் அதைக் கழற்றமாட்டார்.

இவர்களை ஒன்றாக இழுத்துப் போட்டது பஸ்லினாவுக்குக் குத்திய ஊசி.

பஸ்லினா அலவத்துகொடப் பெண். ஜெஸ்மினின் வார்டுக்கு வந்த மிஸ்ஸிகளில் கெட்டிக்காரி. இங்கே தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். நிக்காஹ்வுக்கு நாள் குறித்திருந்தது. அன்று காலை வார்டில் கட்டில்களை விட நோயாளிகள் அதிகம். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர்களுக்கு நடுவே பஸ்லினா முழங்காலிட்டு, ஒரு வயதான அம்மாவுக்கு ஊசி போட்டாள். ஊசியை வெளியே இழுத்த அதே நொடி அந்த அம்மாவின் கை வெடுக்கென்று உதறியது. ஊசி பஸ்லினாவின் இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே இறங்கியது.

ஜெஸ்மின் முதலில் கத்தினார். “கண்ண எங்க வச்சிருந்த புள்ள?”

“சிஸ்டர், அந்த உம்மாட ஈரல்ல வைரஸ் ஈக்குதெண்டு டொக்டர் நேத்துத்தான் சொன்ன” என்றாள் பஸ்லினா. அழவில்லை. கையைக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது. இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துப் பல மாதம் காத்திருப்பதுதான் வழி. ஆஸ்பத்திரி நிர்வாகம் உடனே செயலில் இறங்கியது. மருந்தோடு அல்ல, கடிதத்தோடு. கவனயீனமாக நடந்துகொண்டது ஏன் என்று பஸ்லினா எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். ஜெஸ்மின் அதை வாங்கிப் படித்தார். காலையில் தானும் இதே கேள்வியைத்தான் கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. கடிதத்தை நான்காக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“எழுதாத” என்றார் கடைசியில். “கேட்டா நான்தான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லு.”

ஊரில் இப்படிப்பட்ட செய்தி மெதுவாக நடக்காது. மாப்பிள்ளையின் தாய் கைரியா ஒரு வாரத்துக்குள் வந்து, மிகவும் பண்பாக, நிக்காஹ்வைக் கொஞ்சம் பிற்போடுவோம், பிள்ளை முதலில் ‘சுத்தம்’ என்று டொக்டரிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்லினா மறுநாள் வேலைக்கு வந்து அதை ஜெஸ்மினிடம் சொன்னபோது, ஜெஸ்மினுக்கு உதடு ஏறவில்லை. அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அலுமாரியைத் திறந்து, ஒழுங்காக இருந்த சேலைன் போத்தல்களை மறுபடி ஒழுங்காக்கினார்.

அந்த அலுமாரியின் அடித்தட்டில்தான் சிரிஞ்ச் பெட்டிகள் இருந்தன. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்திலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு நன்கொடைப் பெட்டிகள் வரத் தொடங்கியிருந்தன. இவை ஒரு வட ஐரோப்பிய நாட்டிலிருந்து வந்தவை. நாட்டின் பெயர் இங்கே முக்கியமில்லை. பனி பெய்யும், பால் நன்றாக இருக்கும், ஜனங்கள் வரிசை குலையாமல் நிற்பார்கள், அவ்வளவு போதும். ஒவ்வொரு பெட்டியிலும் அந்த நாட்டுக் கொடியும், அதன் கீழே ‘நட்புடன்’ என்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது. தமிழில் மட்டும் எழுத்துப் பிழை.

அந்த மாதமே ராஜலிங்கம் வார்டுக்கு வந்தார், கோட்டோடு. பல நாட்டுத் தாதியர் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு தன்னுடைய மாநாட்டைக் கண்டியில் வைக்கப் போகிறதாம்.

“சிஸ்டர், நீங்கள் வரவேற்புக் குழுவிலை இருக்க வேணும். உங்களுக்கு மூண்டு மொழியும் வரும்.”

“வெத்தலத் தட்டுத் தூக்க மூணு மொழி எதுக்கு?”

“பகிடி விடாதேங்கோ. சுகாதாரக் கொள்கையிலை செல்வாக்குச் செலுத்திறதுக்கு இது பெரிய வாய்ப்பு. எங்கடை பங்காளர்கள் எல்லாரும் வாறினம். வார்டு பாக்கிற நிகழ்ச்சியும் இருக்கு. உங்கடை வார்டைத்தான் காட்டப் போறம்.”

ஜெஸ்மின் சம்மதித்தது அந்தக் கடைசி வரிக்காகத்தான். தன்னுடைய வார்டைத் தான் இல்லாமல் யாரும் காட்டக்கூடாது என்பது அவருடைய எண்ணம்.

மாநாடு ஏரிக்கு மேலே ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. மேளக்காரர்கள் வந்தார்கள். நடனக்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டுத் தாதிமார் கழுத்தில் ஒர்க்கிட் மாலையோடு வரிசையாக நின்று குத்துவிளக்கு ஏற்றினார்கள். விளக்கில் திரிகளை விடப் பிரமுகர்கள் அதிகமாக இருந்ததால், சிலர் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த திரியை மறுபடி ஏற்றினார்கள். பிறகு எல்லோரும் உள்ளே போய், உலகத் தாதியரின் நிலைமை கவலைக்கிடமாக இருக்கிறது என்பதைப் பெரிய திரையில் வண்ண வண்ணமாகப் பார்த்தார்கள். இடையில் தேத்தண்ணியோடு கடிக்கப் பட்டிஸும் ரோல்ஸும் வந்தன. கவலை கொஞ்சம் குறைந்தது.

இரண்டாம் நாள் காலை முழுவதும் கண்டிப் பிரகடனத்தின் ஒரு வாக்கியத்துக்காகச் செலவானது. அரசாங்கங்களை ‘வலியுறுத்துகிறோம்’ என்று போடுவதா, ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று போடுவதா? ஆளுக்கு ஆள் எழுந்து பேசினார்கள். ராஜலிங்கம் இரண்டு பக்கமும் பேசினார். பின்வரிசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை மேற்பார்வை செய்துகொண்டு நின்ற ஜெஸ்மினின் உதடு அந்தக் காலையில் இறங்கவே இல்லை.

அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள் ஒருத்தி. நேபாளத்திலிருந்து வந்த பிமலா. குள்ளமான, கறுப்பு விளிம்புக் கண்ணாடி போட்ட தாதி.

“‘கேட்டுக்கொள்கிறோம்’தான் ஜெயிக்கும்” என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். “நான் ஐந்து நாடுகளில் பார்த்துவிட்டேன். எப்போதும் அதுதான் ஜெயிக்கும்.”

“அப்புறம் ஏன் வர்றீங்க?” என்று ஜெஸ்மின் கேட்டார்.

“மேடையில் நடப்பதற்காக இல்லை. தேநீர் வரிசையில் நிற்பதற்காக. ஒரே ஆள் நம் எல்லோரையும் ஒரே மாதிரி ஏமாற்றுவது அங்கேதான் தெரியவரும்.”

ஜெஸ்மினுக்கு அது வெறும் கெட்டிக்காரப் பேச்சாகத்தான் பட்டது. மதியம் அறிவித்தார்கள்: ‘கேட்டுக்கொள்கிறோம்’ ஜெயித்தது.

மூன்றாம் நாள் வார்டு பார்க்கும் நிகழ்ச்சி. அதற்கு முன்பே ஆஸ்பத்திரி தன் கோலத்தை மாற்றிக்கொண்டது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். புதுத் திரைச்சீலை தொங்கியது. தரையில் படுத்திருந்த நோயாளிகளை, வரவேற்புக் குழுவின் வேண்டுகோளின்படி, பின்பக்க விறாந்தைக்கு மாற்றினார்கள். வேண்டுகோள் ராஜலிங்கத்துடையது. ஜெஸ்மின் எதிர்த்தார், மேட்ரனே வந்து நின்று மாற்றிவிட்டுப் போனார்.

விருந்தினர் குழுவுக்கு முன்னால் வந்தவர் ஹெல்கா. உயரமான, உரத்துப் பேசும், நரைத்த பெண். அந்தக் கொடிக்குரிய நாட்டின் தாதியர் சங்கத் தலைவி. அவருக்கு எல்லாம் பிடித்திருந்தது. திரைச்சீலை பிடித்திருந்தது, நோயாளிகளின் புன்னகை பிடித்திருந்தது. அலுமாரி திறந்திருந்தது. அடித்தட்டில் தன் நாட்டுக் கொடியைக் கண்டதும் அவர் குழந்தை மாதிரிக் கைதட்டினார்.

“எங்கள் பெட்டி!” என்றார். “இதோடு ஒரு படம் எடுக்கலாமா?”

ராஜலிங்கம் படம் எடுப்பவரைக் கூப்பிட்டார். ஒரு பெட்டி மேசைக்கு வந்தது. ஹெல்கா ஒரு பக்கம், மேட்ரன் ஒரு பக்கம், நடுவில் ராஜலிங்கம். ஜெஸ்மினையும் இழுத்து நிறுத்தினார்கள். தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் ஜீப்போடு நின்றவர்கள் அவருக்கு நினைவில் வந்தார்களோ என்னவோ, அவர் பெட்டியைத் திறந்து ஒரு சிரிஞ்சை எடுத்து ஹெல்காவின் கையில் கொடுத்தார்.

“உங்க நாட்டு வார்டிலயும் இதையேதான் பாவிக்கிறீங்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சண்டைக்காகக் கேட்ட கேள்விதான். பதில் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஹெல்கா சிரிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“இல்லை” என்றார். “இதில் காப்பு உறை இல்லை. போட்டு முடிந்ததும் ஊசி தானாக மூடிக்கொள்ள வேண்டும். எங்கள் சங்கம் அதற்காகப் பல வருடம் போராடிச் சட்டம் கொண்டுவந்தது. இந்த மாதிரி ஊசி எங்கள் வார்டுகளுக்குள் வர முடியாது.”

“அதான் எங்க வார்டுக்குள்ள வந்திருக்கா?”

பின்னாலிருந்து பிமலாவின் குரல் வந்தது. “எங்களிடமும் இதே பெட்டிதான். கொடியும் இதேதான்.”

ஜெஸ்மின், பஸ்லினாவைக் கூப்பிட்டார். பஸ்லினா வந்து கையை நீட்டினாள். ஹெல்கா அதைப் பிடித்துப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை.

“பாக்கிறத்துக்கு ஒண்டுமில்ல” என்றாள் பஸ்லினா தமிழில். “அதுதான் பயமா ஈக்குது. சொல்லுங்க சிஸ்டர் அவங்களுக்கு.”

ஜெஸ்மின் சொன்னார். படம் எடுக்கவில்லை.

அன்று மாலை ஹோட்டல் வாசலில் ராஜலிங்கம் வெடித்தார். “தந்தவையின்ரை முகத்திலை அடிக்கிறதோ சிஸ்டர்? அவையள் நாளைக்கு ஒண்டும் அனுப்பாட்டி, ஆர் பொறுப்பு? வெறுங்கையாலையோ ஊசி போடப் போறியள்?”

அது வெறும் கூச்சல் இல்லை. அதில் உண்மை இருந்தது. நன்கொடை நின்றால் அந்த வார்டில் சிரிஞ்சே இருக்காது. அது ஜெஸ்மினுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது.

“விறாந்தையில கெடக்குற நோயாளிய மொதல்ல உள்ள கொண்டாங்க. அப்புறம் பொறுப்பப் பத்திப் பேசலாம்” என்று சொல்லிவிட்டு, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

“பிளேன்ல ஏறுன ஒடனே மறந்துருவாங்க” என்றார் எஸ்ரனிடம். “ஊருக்குப் போய் நம்ம கதையச் சொல்லி இன்னும் ரெண்டு பெட்டி அனுப்புவாங்க.”

அதில் அவர் தவறினார். ஹெல்காவிடமிருந்து செய்தி வந்தது, பிமலாவுக்கும் சேர்த்து அனுப்பியது. ஆறுதலோ வாழ்த்தோ இல்லை. வேலை இருந்தது. ஹெல்கா தன் நாட்டுப் பாராளுமன்றக் குழுவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறார்: நம் தாதியின் கைக்கு ஆகாத ஊசி மற்ற நாட்டுத் தாதியின் கைக்கு எப்படி ஆகும்? ஆனால் ஒரு நாட்டுச் சங்கம் மட்டும் கேட்டால் அதிகாரிகள் கேட்கமாட்டார்கள். வாங்கும் நாடுகள் நன்றியோடுதானே இருக்கின்றன என்பார்கள். வாங்கும் நாடுகளின் சங்கங்கள் எல்லாம் தத்தம் பெயரில், ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். நிறுத்தச் சொல்லி அல்ல. அனுப்புவதை உங்கள் சட்டப்படி அனுப்புங்கள் என்று.

அதன் பிறகு ஜெஸ்மினின் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் டெலிபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு, மேசையில் உட்காருவார். திரையில் முகங்கள் உறையும். யாராவது “கேட்கிறதா, கேட்கிறதா” என்பார்கள். கென்யாவிலிருந்து ஒரு சங்கம் சேர்ந்தது, பிறகு இன்னும் சில. ஒருவர் வந்தால் மற்றவருக்கு மின்சாரம் இருக்காது. ஒரு சங்கத்தின் தலைவர் தன் பெயர் முதலில் வர வேண்டும் என்று மூன்று கூட்டத்தைத் தின்றார். ஜெஸ்மினின் உதடு திரையில் நன்றாகத் தெரியும் என்று பிமலா எச்சரித்தாள். ஆனாலும் ஒவ்வொரு நாட்டிலும் ஒரே பெட்டி, ஒரே கொடி, ஒரே ‘கவனயீனம்’ கடிதம் என்பது மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டே வந்தது. எல்லா நாட்டுத் தாதிமாரும் ஒரே நேரத்தில் கவனயீனமாகிவிட்டார்களா என்று பிமலா கேட்டபோது, ஜெஸ்மின் சத்தமாகவே சிரித்தார்.

இலங்கைப் பக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. சங்கத்தின் பெயரில் கேட்க வேண்டுமென்றால் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் குழுவுக்கு முன் பேச வேண்டும். அதாவது ராஜலிங்கம்.

ஜெஸ்மின் அவருடைய அலுவலகத்துக்குப் போனார். ஊசியைப் பற்றியோ பஸ்லினாவைப் பற்றியோ பேசவில்லை. ஐரோப்பியப் பாராளுமன்றக் குழு ஒன்று ஒரு பொறுப்பாளரின் சாட்சியத்தைக் கேட்க விரும்புகிறது என்று மட்டும் சொன்னார்.

ராஜலிங்கம் கதிரையில் நிமிர்ந்தார். “பாராளுமன்றமோ?”

“ஆமா. வீடியோவில.”

“பதிவு செய்வினமோ?”

“கட்டாயம் செய்வாங்க.”

“என்னெண்டாலும் சிஸ்டர், இது எங்கடை பங்காளர்களுக்கு நாங்கள் செய்ய வேண்டிய கடமை” என்றார் ராஜலிங்கம்.

சாட்சியத்தன்று அவர் கோட்டோடு கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு, புத்தக அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்தார். படத்தில் விழாத ஒரு மூலையில் ஜெஸ்மின் இருந்தார், எதற்கும் தயாராக. ராஜலிங்கம் பங்காளர்களில் ஆரம்பித்து, இரு நாட்டு நட்பைத் தாண்டி, விஷயத்துக்கு வர நேரம் எடுத்தார். அப்போது அந்த நாட்டுப் பெண் அதிகாரி ஒருவர் குறுக்கிட்டார். ஊசி குத்துவதற்குக் காரணம் உங்கள் தாதியரின் பயிற்சிக் குறைவாக இருக்கலாமே, உபகரணத்தைக் குறை சொல்வது நியாயமா என்றார், மிக மரியாதையாக.

ராஜலிங்கத்தின் முகம் சிவந்தது. “மேடம்” என்றார் ஆங்கிலத்தில், “எங்கள் பிள்ளைகள் தரையில் முழங்காலிட்டு ஊசி போடுகிறார்கள். கட்டில் போதாது. உங்கள் தாதியை ஒரு நாள் அந்தத் தரையில் முழங்காலிடச் சொல்லுங்கள். நீங்கள் எங்களுக்கு அனுப்புகிற ஊசியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். பிறகு பயிற்சியைப் பற்றிப் பேசுவோம்.”

ஜெஸ்மின் அவரையே பார்த்தார். அந்தத் தரையிலிருந்த நோயாளிகளை விறாந்தைக்குத் தள்ளி மறைத்த அதே மனிதர். அதே வாயால், எந்தக் கூச்சமும் இல்லாமல், உண்மையைச் சொல்லிவிட்டார். அதுவும் நன்றாகச் சொல்லிவிட்டார். ஜெஸ்மினால் அதைத் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

“எப்பிடி?” என்று கேட்டார் ராஜலிங்கம், திரை அணைந்ததும்.

“நல்லா பேசினீங்க” என்றார் ஜெஸ்மின். அந்தச் சொற்களைச் சொல்ல அவர் பட்ட பாட்டை எஸ்ரன் மட்டுமே அறிவார். வீட்டுக்கு வந்து அன்று இரண்டு கோப்பை தேத்தண்ணி கேட்டார்.

கொள்கை என்பது ஆமை மாதிரிக்கூட நடப்பதில்லை. ஆமைக்காவது எங்கே போகிறோம் என்று தெரியும். மாதங்கள் போயின. அந்த நாடு கடைசியில், தான் வெளியே அனுப்பும் மருத்துவப் பொருட்களும் தன் வார்டுகளுக்கு உள்ள அதே தரத்தில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. ஹெல்காவின் சங்கம் பாராளுமன்ற வாசலிலேயே நின்று வாங்கிய முடிவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சங்கமும் கொழும்பில் சுகாதார அமைச்சுக்குப் போனது. தானம் கொடுப்பவனே தரம் பார்க்கும்போது காசு கொடுத்து வாங்கும் நாங்கள் பார்க்கக் கூடாதா என்று கேட்டது. நேபாளத்தில் பிமலா அதே வாரத்தில் அதையே கேட்டாள். பல படிகள் ஏறி இறங்கிய பிறகு எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அமைச்சிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஊசி குத்திய தாதியிடம் இனி விளக்கம் கேட்கக் கூடாது. முதலில் மருந்தும் சோதனையும். வாங்கும் ஊசிகளும் ‘படிப்படியாக’ மாற்றப்படும். அந்தப் ‘படிப்படியாக’ என்ற சொல்லில் ஜெஸ்மின் நீண்ட நேரம் நின்றார்.

பத்திரிகையில் படம் வந்தது. ராஜலிங்கமும் நான்கு அதிகாரிகளும். ‘தாதியர் பாதுகாப்பில் கண்டி காட்டிய வழி’ என்று தலைப்பு. ஆஸ்பத்திரி நிர்வாகம் அதை வெட்டி அறிவித்தல் பலகையில் ஒட்டியது. விளக்கக் கடிதம் அனுப்பிய அதே நிர்வாகம்.

பஸ்லினாவின் கடைசிச் சோதனை முடிவு அதற்கு முன்பே வந்திருந்தது. ஒன்றும் இல்லை. அந்தச் செய்தியும் ஊரில் மெதுவாக நடக்கவில்லை. கைரியா ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு வீட்டுக்கு வந்து, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், இனி நிக்காஹ்வை வைத்துக்கொள்வோம் என்றாராம். அன்று அங்கே நடந்ததைப் பஸ்லினாவே வார்டில் நடித்துக் காட்டினாள்.

“நான் சொன்ன, மாமி, நான் சுத்தமெண்டு துண்டு கேட்டீங்க, இந்தா ஈக்குது. இப்ப உங்கட மகனிட துண்டக் கொண்டு வாங்க. அவரு இரத்தம் சோதிச்சீக்கிறாரா? வாப்பா உள்ளுக்கு எழும்பிப் பெய்த்திட்டாரு, சிரிப்ப மறைக்க.”

“வட்டிலப்பம்?” என்று கேட்டார் ஜெஸ்மின்.

“அதத் தின்னுட்டோம்.”

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. பஸ்லினாவுக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். சில நாள் கண் வீங்கி வந்தாள். ஆனால் அந்த வீட்டுக்குப் போகாதது நல்லது என்று அவளும் சொன்னாள், ஜெஸ்மினும் சொன்னார்.

புது ஊசிகள் வந்து கொஞ்ச நாளில் சின்னமுத்துவுக்குக் குத்தியது. சின்னமுத்து வார்டைக் கூட்டிக் கழுவி, குப்பைப் பைகளை இறக்குகிறவர். யாரோ அவசரத்தில் பழைய ஊசி ஒன்றைச் சாதாரணப் பையில் போட்டிருந்தார்கள். தோளில் தூக்கியதும் அது முதுகில் ஏறியது. ஜெஸ்மின் சுற்றுநிருபத்தை எடுத்துக்கொண்டு மேட்ரனிடம் போனார்.

மேட்ரன் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதில் தாதிய உத்தியோகத்தர் என்றுதானே இருக்கிறது, சிஸ்டர். அவர் தனியார் கொந்தராத்துக் கம்பனி ஆள். கம்பனிதான் பார்க்க வேண்டும்.”

ஜெஸ்மின் வாங்கிப் பார்த்தார். உண்மை. தாதியர் என்றுதான் இருந்தது. அத்தனை நாட்டுச் சங்கங்கள், அத்தனை ஞாயிற்றுக்கிழமை, அத்தனை முகங்கள். தாதியரைத் தவிர வேறு யாருக்கும் ஊசி குத்தும் என்று அதில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தனக்கும்தான்.

சின்னமுத்துவுக்கு அவரே இரத்தம் எடுத்தார், மருந்தும் கொடுத்தார். தாதியருக்கென்று வந்த மருந்து. “கையெழுத்து யாரு போடுறது?” என்று மேட்ரன் கேட்டதற்கு, “நான் போட்டுட்டேன்” என்றார். பணிப்பாளர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டார்.

“மிஸ்ஸி, நமக்கெல்லாம் இது உண்டா?” என்று சின்னமுத்து கேட்டார்.

“இல்ல” என்றார் ஜெஸ்மின். “இனி இருக்கும். சட்டைய போடுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரையில் முகங்கள் வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “நம்ம மேசையில குப்ப தூக்குறவங்க யாராவது இருந்தாங்களா?” கூட்டமைப்பின் செயலகம் மிக நல்ல கருத்து என்று பாராட்டி, அடுத்த வருட மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்வதாகப் பதில் எழுதியது. பிமலா செயலகத்துக்குக் காத்திருக்கவில்லை. தன் ஊரில் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தைத் தேடிப் போனாள். ஹெல்கா தன் நாட்டுச் சட்டத்தைத் திறந்து பார்த்து, அதிலும் அதே ஓட்டை இருப்பதைக் கண்டு, அந்தப் பக்கத்தைத் திரையில் எல்லோருக்கும் பிடித்துக் காட்டினார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது யாருக்கு ஊசி குத்தினாலும் பெண்கள் வார்டுக்குத்தான் வருகிறார்கள். கழுவுகிறவர்கள், தள்ளுவண்டி தள்ளுகிறவர்கள், ஒருமுறை கன்டீன்காரர்கூட வந்தார். சுற்றுநிருபம் மாறவில்லை. ராஜலிங்கம் அடுத்த மாநாட்டுக்கு வெளிநாடு போகிறார். கண்டி காட்டிய வழியைப் பற்றிப் பேசப் போகிறாராம். துப்புரவுத் தொழிலாளரைப் பற்றியும் நாலு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜெஸ்மின் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

“அவர் சொல்லுவாரா?” என்று எஸ்ரன் கேட்டார்.

“படம் எடுப்பாங்கன்னு சொல்லிருக்கேன்” என்றார் ஜெஸ்மின்.